சோதனை விருந்தாளி

திறப்பு விழாவுக்குப் பன்னிரண்டு நாள் முன்பு
உணவுக்கூடச் சுவரில் தாள் ஒட்டினார்கள்:
ஊழியர் சிலர் ஓர் இரவு
விருந்தாளியாகத் தங்க வேண்டும்,
காலையில் மூன்று குறையாவது எழுதித் தர வேண்டும்.
குலுக்கலில் என் பேர் வந்தது.

ராஸ் அல் கைமா, ஹஜர் மலையடி.
எட்டு மாதம் பின்வாசலால் போய்வந்த கட்டடம்.
முன்கதவு தானாகத் திறந்தது.
சென்சார் மாட்டியது நான்தான்,
இருந்தாலும் ஒரு நொடி
வேறு யாரோ வருகிறார்களா என்று
திரும்பிப் பார்த்தேன்.

நேற்றுவரை ஏசி ஒழுகுது என்று சண்டை பிடித்த ஐவி
மண்டியிட்டுப் பச்சைத் தேநீர் நீட்டினாள்.
“வெல்கம் சார்.”
சிரிக்கக் கூடாதாம், பயிற்சி.

நீல அங்கி ஒன்று மடித்து வைத்திருந்தது.
வலப்பக்கத்தை மேலே போட்டுக் கட்டி வெளியே வந்தேன்.
ஐவி ஓடிவந்தாள்.
“ஐயோ சார், அப்படிக் கட்டினால் பிணம்.
இடப்பக்கம் மேலே.”
அவிழ்த்து மாற்றிக் கட்டினேன்.
உயிரோடு இருப்பதற்கு
இவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகஸ்டில் எங்கள் கேம்ப் மாடித் தொட்டி
அடுப்பில்லாமல் கொதிக்கும்.
பச்சைத் தண்ணீர்க் குழாயில் வெந்நீர் வரும்.
ராத்திரி பத்துக்கு வாளியில் பிடித்து மூடி வைத்தால்
மூன்றரைக்கு மேலுக்கு ஊற்றலாம்.
வாளியில் பேர் எழுதி வைப்போம்.
யாராவது எடுத்துவிட்டால் அடிதடி,
தண்ணீருக்கு அல்ல,
அது ஆறிய நேரத்துக்கு.

இங்கே வெந்நீர்
ஓர் இரவுக்கு என் ஒன்றரை மாதச் சம்பளம்.

முதலில் மர முக்காலியில் உட்கார்ந்து
சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும்.
பிறகுதான் குளத்தில் இறங்க வேண்டும்.
குளித்துவிட்டுப் போய்க் குளிப்பது.
ஜப்பானில் அம்மணமாம்,
இங்கே சட்டம் விடாது, கறுப்பு அரைக்கால் சட்டை.
பச்சை குத்தியவர்க்கு அனுமதி இல்லை என்று பலகை.
முழங்கையைப் பார்த்துக்கொண்டேன்:
வெல்டிங் பொறி குத்தியது மட்டும்தான்.

நாற்பத்தொன்று புள்ளி ஐந்து.
மீட்டரைப் பார்க்காமலே தெரிந்தது.
வெந்நீர்தானே, என்ன பெரிது என்று
கழுத்துவரை அமிழ்ந்தேன்.

கேபிள் தூக்கிய தோள்,
ஏணியில் நின்ற கெண்டைக்கால்,
எப்போது வலித்தது என்றே மறந்துபோன ஓர் இடம்,
ஒவ்வொன்றும் தன் முடிச்சைத் தானே அவிழ்த்தது.
மலை இருட்டிக்கொண்டு வந்தது.
இது வேறு வெந்நீர்.
ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது.

தரையில் விரித்த மெத்தை.
மூன்றரைக்கு உடம்பு எழுந்துகொண்டது,
பஸ் இல்லை என்று சொல்லியும் கேட்கவில்லை.
அப்போது காதில் விழுந்தது:
இரண்டாம் பம்பில்
பேரிங்கை உப்பு கடிக்கிற சத்தம்.
இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும்.
அங்கியோடு இறங்கிப் போனேன்.

“சாரி சார், இங்கே கெஸ்ட் வரக்கூடாது சார்.”
“டேய் இன்னாசிமுத்து, நான்தாண்டா.”
அவன் சட்டென்று சிரிக்கவில்லை.
அங்கியை ஒருமுறை,
முகத்தை ஒருமுறை,
தனித்தனியாகப் பார்த்தான்.

கிரீஸ் கன்னை அவன் பிடிக்க
நான் போல்ட்டைத் தளர்த்தினேன்.
சத்தம் அடங்கியது.
“எப்படிடா இருந்துச்சு?”
“சூடா இருந்துச்சு.”
“அது நம்ம கேம்ப்லயே இருக்கே.”
“ஆமா.”
மிச்சத்தைச் சொல்லவில்லை.
அவனுக்குக் குலுக்கலில் விழவில்லை.

காலையில் படிவம்.
நீரின் வெப்பம்: நன்று.
இரவில் சத்தம்: இல்லை.
குறைகள்:
ஒன்று, தலையணைக்குள் உமி கரகரக்கிறது.
இரண்டு, தேநீருக்குச் சர்க்கரை தரவில்லை.
மூன்றாவதுக்கு வெகுநேரம் பேனாவைக் கடித்தேன்.

அங்கியின் கை மிக அகலம்.
கிரீஸ் படுகிறது.